ஃப்ரீசர் கதவில் இருந்த சுண்டெலிகள்

டொராண்டோவில் நான் வளர்க்கும் கார்ன் ஸ்னேக் என்ற வகைப் பாம்பு, விழுங்கிய சுண்டெலியை இரண்டாம் நாளே கக்கிவிட்டது. பத்து நாள் கழித்து மறுபடி கொடுத்தபோதும் அதுவே நடந்தது. முதலில் கூண்டின் வெப்பத்தைச் சந்தேகித்தேன். சூடான பக்கத் தரையில் 30 டிகிரி சரியாகவே இருந்தது. எலியின் பருமனும் பாம்பின் உடல் தடிப்பை மீறவில்லை.

இரைக்காக ஃப்ரீசரில் உறையவைத்திருந்த அடுத்த எலியை உருக்கும்போதுதான் அதன் அடிவயிறு பச்சை படிந்து, தொட்டால் குழைவதைக் கண்டேன். அதுவும், முன்பு கக்கிய இரண்டும் ஃப்ரீசரின் கதவுத் தட்டில் இருந்தவை. கதவைத் திறக்கும்போதெல்லாம் அறைக் காற்று பட்டு, பாதி இளகி மீண்டும் உறைந்து கெட்டிருக்கின்றன.

அவற்றை எறிந்துவிட்டு, புதியவற்றைக் காற்று நீக்கிய பைகளில் இட்டு, தேதி எழுதிய மூடிய டப்பாவுக்குள், எங்கள் உணவிலிருந்து பிரித்து, பின்சுவரை ஒட்டி −18 டிகிரியில் வைத்தேன். இரவு முழுவதும் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் உருக்கி, பையோடு வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்தி, வயிற்றை அழுத்தி உள்ளே பனிக்கட்டி இல்லை என உறுதிசெய்த பிறகே கொடுக்கிறேன். உறைந்தாலும் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி சாகாது என்பதால், கையைச் சோப்பிட்டுக் கழுவுவதைத் தவறவிடுவதில்லை.

இரண்டு வார இடைவெளிக்குப் பின், வழக்கத்தில் பாதி அளவான எலியைக் கொடுத்தேன், வயிற்றில் தங்கியது. இப்போது நிம்மதி.