ஐந்து கம்பி பேஸில் ஸ்ருதி மாற்றுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ஐந்து கம்பி பேஸ் கிடார் கைக்கு வந்ததுமே ஸ்ருதியை மாற்றிப் பார்க்கும் ஆசை வரும். பெரும்பாலும் அது தேவையே இல்லை. இதன் கம்பிகள் தடித்ததிலிருந்து பி-இ-ஏ-டி-ஜி. நான்கு கம்பி பேஸில் அந்த பி இருக்காது. நான்கு கம்பியில் பழகியவர்கள், பாடகர் 2 கட்டை, அதாவது டி ஸ்ருதி, என்றதும் பழைய வழக்கப்படி இ கம்பியை டி-க்கு இறக்கிவிடுகிறார்கள். ஐந்து கம்பியில் தடித்த பி கம்பியின் 3-வது ஃபிரெட்டிலேயே (ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டி) அந்த டி இருக்கிறது. 1 கட்டைக்கான சி முதல் ஃபிரெட்டில். 6 கட்டைப் பாட்டுக்கு அடியில் ஒரு ஏ ஒலித்தே தீரவேண்டும் என்றால் மட்டும் பி-யை ஏ-க்கு இறக்குங்கள்.

அப்படி இறக்கும்போது பலரும் கம்பியின் தடிமனை மறந்துவிடுகிறார்கள். சாதாரண செட்டில் பி கம்பி 130 அளவில் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் 130 பங்கு தடிமன்) இருக்கும். அதையே இரண்டு ஃபிரெட் இறக்கினால் இழுவிசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கம்பி தளர்ந்து ஃபிரெட்டில் மோதிச் சடசடக்கும். ஓங்கி அடித்தால் ஸ்ருதி சற்று மேலே போய்த்தான் இறங்கி நிற்கும். 135 அல்லது 145 போடுங்கள். மேல்பக்கம் போகிறவர்கள் செய்வது இன்னும் ஆபத்து. இ-ஏ-டி-ஜி-சி வேண்டும் என்று இருக்கிற ஜி கம்பியையே சி வரை முறுக்கினால் இழுவிசை முக்கால் பங்குக்கும் மேல் கூடும். கம்பி அறுந்து கையிலோ முகத்திலோ அடிக்கலாம். 30 அளவில் மெல்லிய சி கம்பி தனியாகவே கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

சரி, கம்பி மாற்றியாகிவிட்டது. அப்புறம் நட்டை, அதாவது கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் உள்ள துண்டைப் பார்க்க வேண்டும். இ-ஏ-டி-ஜி-சி-க்கு மாறினால், பி-க்காக வெட்டிய பள்ளத்தில் மெல்லிய இ கம்பி ஆடும். தடித்த கம்பியோ பள்ளத்தில் சிக்கி, முறுக்கும்போது விட்டு விட்டு நகரும். மொத்த இழுவிசை குறைந்தால் கழுத்து பின்னால் சாய்ந்து முதல் சில ஃபிரெட்டுகளில் இரையும். டிரஸ் ராடை (கழுத்தின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் உலோகத் தண்டு) கால் சுற்று தளர்த்திவிட்டு ஒரு நாள் பொறுங்கள். ஒரே மூச்சில் ஒரு சுற்று திருப்பவே கூடாது. கடைசியாக 12-வது ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் சுரம்) அழுத்திய சுரத்தையும் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சாடிலை (உடல்பக்கம் கம்பியைத் தாங்கும் சிறு துண்டு) பின்னுக்கு நகர்த்த வேண்டும். பாம்பன், மண்டபம் பக்கம் உப்புக்காற்றில் அந்தச் சாடில் திருகுகள் சீக்கிரம் துருப்பிடித்து இறுகிவிடும். வேகமாகத் திருப்பினால் திருகின் தலை தேய்ந்துபோகும். முதலில் ஒரு துளி எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள்.

திறந்த பி கம்பி ஏறக்குறைய 31 ஹெர்ட்ஸ், ஏ-க்கு இறக்கினால் 27.5. போன் மைக் இதைச் சரியாகப் பிடிக்காது, டியூனர் ஆப்பின் முள் அலைபாயும். 12-வது ஃபிரெட் ஹார்மோனிக்கை அடித்துப் பாருங்கள். ஏ-க்கு இறக்கியிருந்தால் டியூனரே வேண்டாம்: அந்த ஹார்மோனிக்கும் திறந்த ஏ கம்பியும் ஒரே சுரம். எப்போதும் கொஞ்சம் கீழே இறக்கி, அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். ஒரு கம்பியை மாற்றியதும் மற்ற நான்கையும் திரும்பச் சரிபார்க்க வேண்டும், கழுத்து அசைந்ததில் அவையும் விலகியிருக்கும்.

திருவிழா மைதானத்தில் பெரும்பாலான ஸ்பீக்கர்களால் 27.5 ஹெர்ட்ஸைப் பெரிதாக எழுப்ப முடியாது. நம் காதில் விழுவது அதன் மேல் ஒலிகள்தான். கேட்கவில்லை என்று பேஸ் குமிழை முழுக்கத் திருகினால் ஸ்பீக்கரின் கோன் கிழியலாம். மாறாக, நடு அலைவரிசையைக் கொஞ்சம் கூட்டினால் சுரம் தெளிவாகக் கேட்கும்.

மேடையில் பாட்டுக்குப் பாட்டு ஸ்ருதி மாற்றாதீர்கள். இறக்கிய கம்பியில் எல்லாச் சுரமும் இரண்டு ஃபிரெட் தள்ளி இருக்கும். அவசரத்தில் விரல் பழைய இடத்துக்கே போகும். ஏ தேவைப்படும் பாடல்களை அடுத்தடுத்து வைக்கும்படி குழுவில் முன்கூட்டியே கேளுங்கள்.

கச்சேரி முடிந்ததும் எல்லாக் கம்பியையும் முழுக்கத் தளர்த்திப் பையில் வைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதனால் கழுத்து ஒவ்வொரு முறையும் நிலை மாறும், செய்த செட்டப்பெல்லாம் வீண். தளர்த்த வேண்டாம். வியர்வையும் உப்பும் போக, உலர்ந்த பருத்தித் துணியால் கம்பிகளின் அடிப்பக்கத்தையும் துடைத்து வைத்தால் போதும்.