பந்து பட்டுச் சுளுக்கிய விரலுக்கு முதலுதவி

வேகமாக வரும் கைப்பந்தோ கிரிக்கெட் பந்தோ நீட்டிய விரலின் நுனியில் நேராக மோதினால், அந்த விசை பெரும்பாலும் நடுக்கணுவில் இறங்கி, எலும்புகளைப் பிணைக்கும் நார்களை இழுத்தோ கிழித்தோ விடுகிறது. சிறிது நேரத்தில் கணு வீங்கி, மடக்க வராமல் விறைத்துக்கொள்ளும். உடனே, "கொடு, சொடுக்கு எடுத்துவிடுகிறேன்" என்று யாராவது விரலைப் பிடிக்க வருவார்; அவரிடம் கையைக் கொடுக்காதிருப்பதே முதல் வேலை. இழுத்தால் நார்க் கிழிசல் பெரிதாகும். எலும்பில் விரிசல் இருந்தால் அது விலகவும் கூடும்.

வீக்கம் ஏறுவதற்குள் மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். கால்விரலில் அடிபட்டிருந்தால் மெட்டியை. இறுகியிருந்தால் சோப்பு நுரையோ தேங்காய் எண்ணெயோ தடவி மெல்லச் சுழற்றலாம். அப்படியும் வராவிட்டால், தங்கமே ஆனாலும் வெட்டி எடுத்துவிடுவது நல்லது. பிறகு பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்து, முதல் 2 நாட்களுக்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இதைத் தொடர்ந்து, கையை நெஞ்சு மட்டத்துக்கு மேல் தலையணையில் உயர்த்தி வைத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் உப்பு ஒத்தடமும் எண்ணெய் உருவலும் வேண்டாம். சூடு வீக்கத்தைக் கூட்டும்.

பலர் கோட்டைவிடும் இடம் விரல்நுனி. நுனிக்கணு தொங்கி, தானாக நிமிராமல், மறுகையால் தூக்கினால் மட்டும் நிமிர்ந்து, விட்டதும் மறுபடி தொங்கினால், அங்கே தசைநாண் அறுந்திருக்கலாம். வலி அதிகமில்லாததால் "சுளுக்குதானே" என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு நுனியை நேராக வைக்கும் பட்டையை வழக்கமாக 6 முதல் 8 வாரம் இடைவிடாமல் அணிய வேண்டும். குளிக்கும்போது ஒருமுறை நுனி மடங்கிவிட்டாலும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். விரல் கோணியிருந்தாலோ, மடக்கும்போது பக்கத்து விரலின்மேல் ஏறினாலோ, மரத்தாலோ, வெளிறினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சென்று எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் கால்விரல் அடியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக் கூடாது.

இவை எதுவும் இல்லையென்றால், அடிபட்ட விரலைப் பக்கத்து விரலோடு சேர்த்துக் கட்டலாம். நடுவில் பஞ்சு வைத்து, ஒட்டுப்பட்டையைக் கணுவின்மேல் படாமல் அதற்கு மேலும் கீழும் சுற்றிவிட்டு, நகத்தை அழுத்திப் பாருங்கள். விட்டவுடன் இளஞ்சிவப்பு திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம். கால்விரலுக்கும் இதே முறைதான்; பெருவிரலை மட்டும் இப்படிக் கட்டுவதில்லை, வளையாத அடிப்பாகம் கொண்ட செருப்பே அதற்குத் துணை.

வலி தணிந்ததும் விரலை அசைக்கத் தொடங்க வேண்டும். அசைக்காமல் வாரக்கணக்கில் கட்டி வைத்தால் நடுக்கணு இறுகிப்போய், சுளுக்கைவிடப் பெரிய தொல்லையாகிவிடும். வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, வலிக்காத அளவுக்கு மடக்கி நீட்டுவதை நாளுக்குப் பலமுறை செய்யலாம். வலி போன பிறகும் கணுவின் பருமன் சில மாதங்கள் நீடிக்கக்கூடும். மோதிரம் அதுவரை பெட்டியிலேயே இருக்கட்டும்.