புதுச் சட்டையில் ஒட்டிக்கொண்ட நெடி

புதிதாக வாங்கிய கறுப்புச் சட்டை, பையைப் பிரித்ததுமே மண்ணெண்ணெயும் மீனும் கலந்த மாதிரி ஒரு நெடி. சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை துவைத்தேன், துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவமும் ஊற்றினேன். காய்ந்ததும் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் போட்டுக்கொண்டு உடம்புச் சூடு ஏறியதும் காலரிலும் அக்குளிலும் அதே நெடி திரும்ப எழுந்தது.

அந்தத் திரவம் இழைமேல் படலமாகப் படிகிறது, அதனால் நெடி உள்ளேயே தங்கிவிடுகிறது. அதை முதலில் நிறுத்தினேன். சுருக்கம் விழாமலிருக்கத் துணியில் ஏற்றும் பிசினிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்ற நெடியுள்ள ரசாயனம் தண்ணீரில் கரையும், ஆகவே ஊறவைப்பதுதான் வழி.

அரை வாளித் தண்ணீரில் ஒரு கப் வெள்ளை வினிகர் விட்டு, சட்டையை உள்புறம் வெளியே வரும்படி திருப்பி 1 மணி நேரம் ஊறவைத்தேன், தண்ணீர் லேசாகக் கறுத்தது. நன்றாக அலசிவிட்டு, அப்புறம் புதுத் தண்ணீரில் அரை கப் சமையல் சோடா கலந்து ராத்திரி முழுக்க. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும், பயனில்லை. வினிகரோடு ப்ளீச் மட்டும் கலந்துவிடாதீர்கள், தயவுசெய்து, குளோரின் வாயு கிளம்பும். பட்டு, கம்பளிக்குச் சோடா வேண்டாம்.

காற்றோட்டமான நிழலில் 2 நாள் தொங்கவிட்டேன். இஸ்திரி போட்டு, சூடு ஆறுவதற்குள் காலரை மூக்கருகே வைத்துப் பார்த்தேன், வெறும் பருத்தி வாசனை!