சமத்தாகிவிட்டது என்று நம்பிவிடாதீர்கள்: பூனையின் உடல்மொழியைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊருக்குப் போகிறவர்களின் பூனைகளை வாங்கி வைத்துப் பார்த்துக்கொள்வது என் தொழில். கோடை விடுமுறையிலும் பண்டிகை நாட்களிலும் பின்னறைகள் நிரம்பிவிடும். பூனையோடு உரிமையாளர்கள் ஒரு குறிப்புச்சீட்டும் கொடுப்பார்கள். அது எப்படி உட்கார்ந்தால் கோபம், எப்படிப் பார்த்தால் அன்பு என்பதெல்லாம் அதில் இருக்கும். முதல் முறையாகப் பூனை வளர்ப்பவர்களின் சீட்டுகளில், நான் இத்தொழிலுக்கு வந்த புதிதில் நம்பியிருந்த அதே தவறான பொருள்கள் ஒன்றுகூட விடுபடாமல் இருப்பதைத் தொடர்ந்து பார்ப்பதால் இதை எழுதுகிறேன். முடியைச் சிலிர்த்துக்கொண்டு சீறும் பூனையிடம் கை நீட்டக்கூடாது என்பதையும், மல்லாந்து கிடக்கும் பூனை தன் வயிற்றைத் தடவச் சொல்லவில்லை என்பதையும் ஒரே கீறலில் யாரும் கற்றுக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வால் ஆடினால் மகிழ்ச்சி என்று கொள்வது

அது நாய்க்கு. பூனையின் வால் இடமும் வலமுமாக அடித்துக்கொண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

“திடீரென்று கடித்துவிட்டது” என்பது

மடியில் படுத்துச் சுகமாகத் தடவிக்கொடுக்க இடம்கொடுத்த பூனை, காரணமே இல்லாமல் திரும்பிக் கடித்துவிட்டது என்று எழுதாத சீட்டு அரிது. கடிப்பதற்கு முன் அது பல முறை சொல்லியிருக்கும். வாலின் நுனி மட்டும் துடிக்கும்; முதுகுத் தோல் அலையலையாகச் சுருங்கி விரியும்; ஒரு காது பக்கவாட்டில் திரும்பும்; தலை உங்கள் கையை நோக்கிச் சட்டென்று திரும்பி ஒரு கணம் நிற்கும். தடவுகிறவர் அந்நேரம் தொலைக்காட்சியையோ கைப்பேசியையோ பார்த்துக்கொண்டிருப்பார். உடலின் எந்தப் பகுதியைத் தடவினால் பூனை எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பிரிட்டனின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். வால் தொடங்கும் இடத்தைத் தொட்டபோதுதான் எதிர்ப்பு மிகுதியாக இருந்தது. நம் வீடுகளில் விருந்தினர்கள் முதலில் தட்டிக்கொடுக்கும் இடமும் அதுவே. கன்னம், தாடை, காதுகளின் அடிப்பகுதி ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, சில நொடிகளுக்கு ஒருமுறை கையை எடுத்துப் பாருங்கள். பூனைக்கு இன்னும் வேண்டுமென்றால் அதுவே வந்து முட்டும்.

சுருங்கிய கண்களையெல்லாம் பாசம் என்று படிப்பது

பூனை மெதுவாக இமைகளை மூடித் திறப்பது நட்பின் அடையாளம் என்ற செய்தி இப்போது எல்லோரையும் எட்டிவிட்டது. செய்தி சரியானதே. சசெக்ஸ், போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், மனிதர் மெதுவாகக் கண்சிமிட்டினால் பூனையும் அவ்வாறு சிமிட்டுவது கூடியது. அறிமுகமில்லாதவர் அப்படிச் சிமிட்டிவிட்டுக் கை நீட்டியபோதும் பூனைகள் அவரிடம் நெருங்கி வருவது கூடியது. இச்செய்தியைப் படித்தவர்கள், பாதி மூடிய கண்களோடு நாள் முழுதும் ஒரே இடத்தில் இருக்கும் பூனையைப் பார்த்தும் பூரித்துப்போகிறார்கள் என்பதுதான் சிக்கல். நட்பாகச் சிமிட்டும் கண் மூடும், திறக்கும், மீண்டும் தளர்ந்து மூடும். வலியில் சுருங்கும் கண் அப்படியே நின்றுவிடும். கண்ணைச் சுற்றியுள்ள தசைகள் இறுகியிருக்கும்.

அசையாமல் இருப்பதை அமைதி என்று எண்ணுவது

மற்றத் தவறுகளில் பல கீறலோடும் கடியோடும் முடிந்துவிடும். இந்த ஒன்றுக்கோ பூனையின் உயிரே விலையாகப் போவதுண்டு. “முன்பெல்லாம் ஓயாமல் ஓடுவான், இப்போது வளர்ந்து சமத்தாகிவிட்டான்” என்ற வாக்கியத்தை எங்கே கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம் அதுதான். எலி, பல்லி போன்றவற்றுக்கு வேட்டைக்காரனாகவும் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் வாழ்ந்து வந்த இனம் பூனை. நோயை வெளிக்காட்டுவது அதற்கு ஆபத்து. எனவே வலி வந்தால் கத்திக் கூப்பாடு போடாமல், அசைவைக் குறைத்து ஒரு மூலையில் அடங்கிவிடுகிறது. அந்த அடக்கத்தைத்தான் நாம் ஒழுக்கம் என்று பாராட்டுகிறோம்.

இளைப்பாறும் பூனையும் வலியில் அடங்கிய பூனையும் தொலைவிலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டும் முன்கால்களை மார்புக்கடியில் மடக்கி உட்காரும். அருகில் வந்து பாருங்கள். இளைப்பாறும் பூனையின் தலை தோளுக்கு மேலே இருக்கும், காதுகள் முன்னோக்கி நிற்கும், கதவு கிரீச்சிட்டால் ஒரு காதாவது அந்தப் பக்கம் திரும்பும். வலியில் இருக்கும் பூனையின் முதுகு கூன் விழுந்து, தலை தோள்மட்டத்துக்கும் கீழே தொங்கும். மடக்கிய கால்கள் தளர்ந்திருக்காமல், எழுந்துவிடத் தயாராக இருப்பது போலத் தரையில் ஊன்றியிருக்கும். காதுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வெளிப்புறமாகச் சாயும். மீசை முடிகள் விறைத்து நேராக நிற்கும். மாண்ட்ரியால் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2019-இல் வெளியிட்ட பூனை முகக்குறி அளவுகோல் இவற்றைத்தான் அளக்கிறது. காதுகளின் நிலை, கண்களின் இறுக்கம், முகவாயின் இறுக்கம், மீசை, தலையின் நிலை ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இட்டுக் கூட்ட வேண்டும்; பத்துக்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிநிவாரணி தேவைப்படலாம் என்று பொருள். மருத்துவர்களுக்காக உருவானதுதான் என்றாலும், வீட்டில் இருப்பவரும் அந்த ஐந்தையும் பழகிக்கொள்ளலாம்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். கருத்தடை செய்த இளம் கடுவன் பூனை. உலர் தீவனம் மட்டுமே உணவு. தண்ணீர்க் கிண்ணத்தை அது சீண்டுவதே இல்லை. சமையல் மேடையில் ஏறிப் பால் பாத்திரத்தை உருட்டுவதே அதன் வேலையாக இருந்தது. முந்தின நாளிலிருந்து மேடை ஏறவில்லை, குளியலறையின் குளிர்ந்த தரையில் அமைதியாகப் படுத்திருக்கிறது, நல்ல மாற்றம் என்று தொலைபேசியில் மகிழ்ச்சியோடு சொன்னார்கள். பேச்சுவாக்கில், மணல் தட்டுக்கு அடிக்கடி போய்க் குந்துவதாகவும், மலச்சிக்கலாக இருக்கும் என்று விளக்கெண்ணெய் புகட்டியிருப்பதாகவும், தூக்கினால் மட்டும் ஒரு மாதிரியாகக் கத்துவதாகவும் சேர்த்துக்கொண்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது மணல் காய்ந்து கிடந்தது. மருத்துவர் தொட்டுப் பார்க்கையில் அதன் அடிவயிற்றில் சிறுநீர்ப்பை சாத்துக்குடி போலத் திரண்டு கெட்டியாக இருந்தது. குழாய் போட்டுச் சிறுநீரை வடித்து, நரம்பில் திரவம் ஏற்றி, சில நாட்கள் மருத்துவமனையிலேயே வைத்திருந்துதான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. அந்த வீட்டின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அதற்கே போயிற்று. இன்னொரு வீட்டில், ஞாயிற்றுக்கிழமை எதற்கு அலைச்சல், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பொறுத்தார்கள். திங்கட்கிழமை பூனை இல்லை.

கடுவன் பூனையின் சிறுநீர்க்குழாய் நுனியில் மிகவும் குறுகியது. படிகத்துகள்களும் சளிபோன்ற கசடும் சேர்ந்தோ, வெறும் வீக்கமும் இறுக்கமுமோ அதை அடைத்துவிட முடியும். அடைத்தால் கழிவுகள் இரத்தத்தில் தேங்கும். பொட்டாசியத்தின் அளவு உயரும். அது இதயத்துடிப்பைக் குலைக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள்ளேயே உயிர் போகலாம். பெண் பூனைகளுக்கும் சிறுநீர்ப்பை அழற்சி வரும் என்றாலும், அவற்றின் குழாய் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் முழு அடைப்பு அரிது.

ஆகவே, மணல் தட்டில் பூனை நிற்கும் விதத்தைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எல்லையைக் குறிக்கப் பீய்ச்சும் பூனை நின்றபடி, சுவருக்கு முதுகைக் காட்டி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி நடுங்கச் செய்யும். இயல்பாகச் சிறுநீர் கழிக்கும் பூனை குழி தோண்டி, ஒரே முறை குந்தி, மூடிவிட்டுப் போய்விடும். அடைப்புள்ள பூனை குந்திய நிலையிலேயே நெடுநேரம் இருக்கும். எழுந்து, இடம் மாற்றி, மீண்டும் குந்தும். தட்டை விட்டு இறங்கியதும் பிறப்புறுப்பை விடாமல் நக்கும். தட்டை விட்டுவிட்டுக் குளியலறைத் தரையிலும் கழுவுதொட்டியிலும் முயன்று பார்க்கும். மலச்சிக்கலுள்ள பூனையும் முக்கும் என்பதால் பார்வையால் மட்டும் பிரித்தறிய முயலாதீர்கள். மணலில் ஈரக்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கடுவன் பூனை திரும்பத் திரும்பக் குந்தியும் ஈரம் இல்லையென்றால், நேரம் நள்ளிரவானாலும் மருத்துவரிடம் கிளம்புங்கள். சிறுநீர்ப்பை உண்மையிலேயே நிரம்பியிருக்கிறதா என்று அடிவயிற்றை அழுத்திச் சோதிக்காதீர்கள், பை கிழிந்துவிடக்கூடும்.

வலி என்று புரிந்துகொண்ட பிறகும் சிலர் வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை ஒடித்துக் கொடுக்கிறார்கள். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதுமானது. இதைச் சொன்ன பிறகும் “குழந்தைகளுக்கான சிரப் கொடுக்கலாமா” என்று கேட்டவர்கள் உண்டு. அதிலும் அதே மருந்துதான் இருக்கிறது.

பூனை நலமாக இருக்கும்போது அது உட்காரும் விதம், நடக்கும் விதம், மணல் தட்டைப் பயன்படுத்தும் விதம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம்பிடித்து வையுங்கள். சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருந்தாலும் தெருமுனைத் தனியார் மருத்துவராக இருந்தாலும், பரிசோதனை மேசையில் வைத்தவுடன் எல்லாப் பூனைகளும் அச்சத்தில் உறைந்துவிடும். இயல்புநிலை எது என்று மருத்துவருக்கு வேறு எவ்வழியிலும் தெரியாது.

கர்ர் ஒலியை நலத்தின் சான்றாகக் கொள்வது

வலியிலும் பிரசவத்திலும் அதே ஒலி எழும்.

சண்டை இல்லை, ஆகவே நட்பு என்பது

இரண்டாவது பூனை கொண்டுவந்தவர்களின் பெருமை இது. ஒன்று கூடத்தில், மற்றது கதவருகில், இரண்டும் மௌனமாக உட்கார்ந்திருக்கும் படத்தை அனுப்பி, பழகிவிட்டார்கள் என்பார்கள். கதவருகில் இருப்பது எதன்மீது பார்வையை நிலைநிறுத்தியிருக்கிறது என்று பாருங்கள். மணல் தட்டுக்கோ சாப்பாட்டுக் கிண்ணத்துக்கோ போகும் வழியில் உடலை நீட்டிப் படுத்து, இமைக்காமல் முறைத்துக்கொண்டிருக்கும் பூனை ஓர் உறுமல்கூட இல்லாமல் மற்றதை மிரட்டிக்கொண்டிருக்கிறது. மிரட்டப்படும் பூனை முகத்தைத் திருப்பிக்கொள்ளும், எச்சில் விழுங்கும், தேவையில்லாமல் தோளை நக்கும். இரவில் மெத்தையில் சிறுநீர் கழித்துத் திட்டு வாங்கும். நட்பான பூனைகள் ஒன்றையொன்று நக்கிவிடும், உடல் உரசிப் படுக்கும், வாலை நிமிர்த்தி எதிர்கொள்ளும். தட்டுகளை வேறுவேறு அறைகளில் வைப்பதே முதல் வைத்தியம். பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக இருப்பது நல்லது.

ஜன்னலில் கொதித்துக்கொண்டிருக்கும் பூனையைத் தூக்குவது

வெளியே தெருப்பூனை ஒன்று மதில்மேல் நடக்கிறது. உள்ளே உங்கள் பூனை கண்மணிகள் விரிய, உடல் தாழ, வால் அடிக்க, தொண்டைக்குள் ஊளையிடுகிறது. சமாதானப்படுத்தலாம் என்று அந்நேரம் தூக்கினால், எதிரியின்மீது போக வேண்டிய கடி உங்கள் முழங்கைக்கு வரும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, அறையை விட்டு வெளியேறுங்கள். அதன் உடல் தணிய மணிக்கணக்கில் ஆகலாம். பூனையின் பற்கள் ஊசிபோல நுழைந்து கிருமிகளை ஆழத்தில் விட்டுவிடுவதால், சிறு துளைதானே என்று விட்ட கை மறுநாளே வீங்கும். குழாய்நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பூனைக்கடிக்கும் ரேபிஸ் தடுப்பூசி தேவைப்படும்.

ஒளிந்திருப்பதை இழுத்தெடுப்பது

தீபாவளி வெடிக்குப் பயந்து பீரோவுக்குப் பின்னால் புகுந்த பூனையை விட்டுவிடுங்கள். தண்ணீரும் மணல் தட்டும் அருகில் இருந்தால் போதும்.

திறந்த வாயைக் கண்டு “நாய் மாதிரி இளைக்கிறது” என்று சிரிப்பது

ஏதோ ஒன்றை முகர்ந்துவிட்டு மேலுதட்டைச் சுருக்கி, சில நொடிகள் வாயைப் பிளந்தபடி நிற்கும் பூனை, அந்த வாசனையை மேலண்ணத்திலுள்ள உறுப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதில் கவலைக்கு ஒன்றுமில்லை. ஓடி விளையாடிய குட்டி சிறிது நேரம் வாய்திறந்து மூச்சு வாங்கி உடனே அடங்கிவிட்டால், அதன் இதயத்தை ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது. சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை கழுத்தை நீட்டி, முழங்கைகளை விலாவிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டு வாயால் மூச்சு விடுமானால், வெயிலோ நுரையீரலோ இதயமோ எதுவாக இருந்தாலும் அது அவசர நிலை. மடியில் இறுக்கிப் பிடிக்காமல், தண்ணீர் புகட்டாமல், காற்றோட்டமுள்ள கூடையில் வைத்து, மருத்துவமனைக்கு முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.