சட்டப் படிப்பின் முதல் ஆண்டு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதலாண்டு மாணவர் ஒருவர் பார்த்துச் சொல்லும்படி தந்த விடைத்தாளில், 'புட்டியில் நத்தை இருந்தது நிரூபிக்கப்பட்டது' என்ற வரியைக் கண்டதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒருங்கே வந்தன; அதே வரியை எழுதி மதிப்பெண் இழந்தவன் நான். வகுப்பைத் தவறவிடுவது, குறிப்பெடுக்காமல் இருப்பது போன்றவை சொல்லித் தெரிய வேண்டியவை அல்ல என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

தீர்ப்புக்குப் பதிலாகச் சுருக்கத்தைப் படிப்பது

1932-இல், அன்று மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இயங்கிய பிரிட்டனின் பிரபுக்கள் அவை தீர்ப்பளித்த டோனஹூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு, தீங்கியல் சட்டம் (டார்ட்) படிப்பவர் தொடக்கத்திலேயே சந்திக்கும் வழக்கு. நண்பர் வாங்கித் தந்த இஞ்சி பீரைக் குடித்த பெண், அந்த ஒளிபுகாப் புட்டியில் எஞ்சியதை ஊற்றியபோது அழுகிய நத்தை விழுந்ததாகக் கூறித் தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடுத்தார். கைடை மட்டுமே புரட்டியிருந்த நான், நத்தையை நிரூபிக்கப்பட்ட உண்மையாகவே எடுத்துக்கொண்டேன்.

பிரபுக்கள் அவையின் முன் இருந்த கேள்வியோ வேறு. அப்பெண் சொல்வது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும், தம்மோடு எந்த ஒப்பந்தமும் இல்லாத நுகர்வோரிடம் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை, அதாவது தீங்கு நேராதபடி கவனமாக நடக்கும் சட்டக் கடமை, உண்டா என்பதே அது. மூவர் உண்டு என்றனர், இருவர் இல்லை என்றனர். சாட்சி விசாரணை நடக்குமுன் ஸ்டீவன்சன் இறந்துவிட, வழக்கு சமரசத்தில் முடிந்தது. நத்தை இருந்ததா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் முடிவுசெய்யவில்லை.

கேள்வியைத் தவறவிட்டவருக்கு ரேஷியோவும், அதாவது தீர்ப்புக்கு அடிப்படையான சட்டக் காரணமும், தவறும். அந்த மூவரில் ஒருவரான பிரபு அட்கின் கூறிய 'அயலார்' கோட்பாட்டை (நம் செயலால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவர் நம் அயலார்; அவருக்குத் தீங்கு நேராதபடி கவனம் வேண்டும் என்பதை) மட்டும் எழுதிவிட்டு, இடையில் எவரும் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பில்லாதபடி நுகர்வோரைச் சென்றடையும் பொருள் என்ற வரையறையை விட்டுவிடுகிறார்கள். சுருக்கங்களில், பெரும்பான்மையோடு உடன்படாத நீதிபதிகளின் மாறுபட்ட தீர்ப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரு வரிதான் கிடைக்கும்; மாட் கோர்ட்டில் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றத்தில்) எதிர்த்தரப்பு எடுத்து வீசப்போகும் வாதம் அங்கேதான் இருக்கிறது. எனவே எந்தத் தீர்ப்பைக் கையில் எடுத்தாலும், நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வியை உங்கள் சொற்களில் ஒரே வரியாகப் பக்க ஓரத்தில் எழுதிவிட்டு மேலே படியுங்கள். எனக்கு முதல் தீர்ப்பு ஒரு முழு நாளை விழுங்கியது. பத்தாவது அவ்வளவு கேட்கவில்லை.

லத்தீன் தொடர்களை உருப்போடுவது

வேண்டாம். வழக்குகளோடு தாமாகவே வரும்.

பழைய பதிப்பு நூல்கள்

வாங்குமுன் பதிப்பாண்டைப் பாருங்கள்.

சட்டப்பிரிவைப் பாதியில் நிறுத்துவது

பிரிவின் முதல் வாக்கியம் கொடுப்பதை அதன் கீழுள்ள வரம்புரை, அதாவது விதிவிலக்கு சொல்லும் பகுதி, பறித்துக்கொள்ளலாம். அன்றாடப் பொருள் கொண்டது போலத் தோன்றும் சொல்லுக்கு அச்சட்டத்தின் வரையறைப் பிரிவு தனிப்பொருள் தந்திருக்கலாம். 'மற்றும்', 'அல்லது' ஆகியவற்றை வட்டமிட்டுப் படிக்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே தொடங்குவது நல்லது.

சிக்கல் வினாவுக்குக் கட்டுரை எழுதுவது

ஒரு கற்பனை நிகழ்வைத் தந்து அதற்குச் சட்டத் தீர்வு கேட்பதே சிக்கல் வினா. பலர் கற்ற சட்டம் முழுவதையும் கொட்டிவிட்டு, வினாவில் உள்ள மனிதர்களைக் கடைசிப் பத்தியில் மட்டும் நினைவுகூர்கிறார்கள். சட்டத்தை அந்த நிகழ்வுகளோடு பொருத்திக் காட்டுவதற்கே மதிப்பெண். வினாவில் புட்டி ஒளி ஊடுருவும் கண்ணாடியால் ஆனது என்றிருந்தால், வினா எழுதியவர் அச்சொல்லை அழகுக்காகச் சேர்க்கவில்லை. கடைக்காரரோ குடித்தவரோ உள்ளே இருப்பதைப் பார்த்திருக்க முடியுமா என்று உங்களை விவாதிக்கச் சொல்கிறார்.