ஜீராஃபில் பிடிஎஃப்: வரி நீளத்துக்கு அலகு போடுங்கள்

நாலு பக்க அறிக்கைக்காக, ஆவணம் அச்சுக்கோக்கும் மென்பொருளான லேடெக்கை முழுசாக நிறுவி வட்டில் சில ஜிபியை அடைக்க வேண்டியதில்லை. 1970களில் பெல் ஆய்வகத்தில் பிறந்த டீராஃபின் வாரிசு ஜீராஃப் போதும். வெறும் உரைக்கோப்பில் கட்டளைகளை எழுதிக் கொடுத்தால் பக்கமாக அமைத்துத் தரும் நிரல் அது. கட்டளைகள் இங்கே ஒலிப்படி தமிழில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கில எழுத்து.

உபுண்டு, டெபியனில் ஏற்கெனவே இருப்பது ஜீராஃப்-பேஸ். டெர்மினலில் மேன் பக்கம் என்ற உதவிக் குறிப்புகளைப் படிக்கத்தான் அது. ஆப்ட் என்ற நிறுவும் கருவி வழியாக முழு ஜீராஃபையும் போட்டுக்கொள்ளுங்கள்.

அறிக்கை.எம்எஸ் என்ற உரைக்கோப்பின் தலையில் இந்த நாலு வரி:

.என்ஆர் பிஎஸ் 12
.என்ஆர் விஎஸ் 15
.என்ஆர் பிஓ 2.5சி
.என்ஆர் எல்எல் 16சி

என்ஆரும் கடைசி சியும் சின்ன எழுத்து, மற்றவை பெரிய எழுத்து. வரிசையாக எழுத்தளவு, வரி இடைவெளி, இடது ஓரம், வரி நீளம். ஏ4 அகலம் 21 செ.மீ., ஆகவே வலப்பக்கமும் 2.5 மிஞ்சும்.

பலரும் மாட்டுவது அந்தச் சியில்தான். பிஎஸ், விஎஸ் இரண்டுக்கும் வெறும் எண் போட்டால் பாயின்ட் என்று எடுத்துக்கொள்ளும். அதே நினைப்பில் எல்எல்லுக்கு 16 என்று விட்டால் அது சாதனத்தின் அடிப்படை அலகு. பிடிஎஃபில் ஒரு அங்குலத்துக்கு 72,000 அலகு! வரிக்கு ஒரு சொல், சில சமயம் அரைச்சொல் என்று பக்கம் பக்கமாக ஓடும். இந்த வரிகளை நடுவில் போடவும் வேண்டாம்: எல்எல் அடுத்த பத்தியில்தான் பிடிக்கும், பிஓ அடுத்த பக்கத்தில்.

பிறகு .டிஎல், அடுத்த வரியில் தலைப்பு. உள்தலைப்புக்கு .எஸ்ஹெச், பத்திக்கு .பிபி. இவையும் பெரிய எழுத்து. முதல் வரி உள்தள்ளாமல் வேண்டுமானால் .எல்பி, கடிதத்துக்கு அதுதான் அழகு. வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள், திருத்த வசதி.

புள்ளியிலோ ஒற்றை மேற்கோளிலோ தொடங்கும் வரியைக் கட்டளை என்று நினைத்து விழுங்கிவிடும். ‘.5 கிலோ’ காணாமல் போவது இப்படித்தான். முன்னால் பின்சாய்கோடும் ஆம்பர்சேண்டும் சேர்த்துப் போட்டால் தப்பிக்கும்.

ஓட்ட:

ஜீராஃப் -எம்எஸ் -டிபேப்பர்=ஏ4 -பி-பிஏ4 -டிபிடிஎஃப் அறிக்கை.எம்எஸ் > அறிக்கை.பிடிஎஃப்

-எம்எஸ் என்பது .டிஎல், .பிபி போன்றவை அடங்கிய கட்டளைத் தொகுப்பு. பேப்பருக்கு முன் சின்ன டி, பிடிஎஃபுக்கு முன் பெரிய டி. முதல் பி பெரியது. தாள் அளவை இரண்டு முறை சொல்வது வீண் இல்லை: ஒன்று வரி அமைக்கும் நிரலுக்கு, மற்றது பிடிஎஃப் எழுதும் நிரலுக்கு. > குறியை மறந்தால் பிடிஎஃப் முழுதும் டெர்மினலில் கொட்டும்.

பிற்சேர்க்கை: தமிழ் உரைக்கு இது ஆகாது. -கே சுவிட்ச் யுனிகோடை உள்ளே வாங்கும், எழுத்துருவையும் ஏற்றிவிடலாம். ஆனால் கொம்பை மெய்க்கு முன்னால் நகர்த்தத் தெரியாது. ‘கெ’ அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் நிற்கும். தமிழுக்கு லேடெக்கின் யுனிகோடு வடிவமான ஸீலேடெக்தான்.