நாள் பார்க்காமல் கொடுக்கும் ரத்தம்

மாதவிடாய் ஒழுங்காக வருவதில்லை என்று ஹார்மோன் பரிசோதனை எழுதிக் கொடுத்தால், நீலகிரித் தேயிலைத் தோட்டப் பெண்கள் பெரும்பாலும் வேலைக்கு விடுப்பு கிடைக்கும் நாளில்தான் மலையிறங்குகிறார்கள். அவர்கள் நிலைமை புரிகிறது. ஆனால் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்எஸ்எச், எல்எச் இரண்டையும் ரத்தப்போக்கு தொடங்கிய 2 முதல் 5 நாளுக்குள் பார்க்க வேண்டும். கருமுட்டை வெளிவரும் சமயத்தில் எல்எச் பல மடங்கு ஏறும். அன்று ரத்தம் கொடுத்தால், இல்லாத கோளாறு இருப்பதுபோலத் தெரியும்.

முட்டை வெளிவந்த பிறகு ஏறும் ஹார்மோனான புரொஜெஸ்டிரோனில் நடக்கும் தவறுதான் என்னை அதிகம் வருத்துகிறது. ‘21ஆம் நாள்’ என்று சீட்டில் எழுதுவது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கான கணக்கு. 35 நாளுக்கு ஒருமுறை வருபவருக்கு முட்டை வெளிவருவதே ஏறக்குறைய 21ஆம் நாள்தான். அன்று அளவு குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து ‘உனக்கு முட்டையே வரவில்லை’ என்று சொன்னால் குடும்பத்தில் அவர் என்னென்ன பேச்சு கேட்க வேண்டியிருக்கும்! அடுத்த மாதவிடாய்க்கு 7 நாள் முன்பு, அதாவது அவருக்கு 28ஆம் நாள் பார்ப்பதே சரி. மாதக்கணக்கில் வராதவர்கள் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிட்டு மருத்துவர் சொல்லும் நாளில் கொடுக்கலாம்.

ஹெத்தையம்மன் பண்டிகைக்கோ கல்யாணத்துக்கோ தள்ளிப்போடும் மாத்திரை போட்டிருந்தால் அதை மறைக்காதீர்கள். அதை நிறுத்தியதும் வரும் ரத்தப்போக்கு இயல்பான சுழற்சியின் முதல் நாள் அல்ல. கருத்தடை மாத்திரையும் ஹார்மோன் அளவுகளை அடக்கிவைக்கும்.

இன்னொன்று, பலரும் யோசிக்காதது. கொண்டை ஊசி வளைவுகளில் குமட்டும் என்று டாம்பெரிடோன் மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். அந்த மாத்திரை, தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரொலாக்டினை உயர்த்தும். தூங்கி எழுந்த உடனேயும் பதற்றத்திலும் அது கூடும். எழுந்து சில மணி நேரம் கழித்து, சற்று உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு ரத்தம் கொடுங்கள். தைராய்டையும் சேர்த்துப் பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் புரொலாக்டின் ஏறலாம்.

வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை மட்டும் வைத்து ‘நீர்க்கட்டி’ என்று முடிவுகட்டக் கூடாது. அந்த வயதில் சினைப்பையில் சிறு முட்டைப்பைகள் நிறையத் தெரிவது சகஜம்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் முழுக்க நனைந்து, அப்படியே தொடர்ந்தால், பரிசோதனை நாளையும் விடுப்பையும் பார்க்காமல் அன்றே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.